ஓசை முந்தும், இறகு பிந்தும்

எஞ்சின் ஓடுகிறது, இறகு நிற்கிறது

தற்காலிக இறங்குதளமாக மாற்றப்பட்ட கல்லூரித் திடலிலிருந்தோ ஊர்ப்புறப் பொட்டலிலிருந்தோ ஹெலிகாப்டர் ஒன்று புறப்படுவதைச் சவுக்குக் கட்டைத் தடுப்புக்கு இப்பால் நின்று பார்ப்பவர்களுக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. முதலில் சீழ்க்கை போன்ற மெல்லிய ஓசை கேட்கிறது. அது நொடிக்கு நொடி கூர்மையேறி ஓலமாகிறது. மண்ணெண்ணெய் வாடை காற்றில் பரவுகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. ஆயினும் தலைக்கு மேல் நீண்டு தொங்கும் இறகுகள் அசையாமல் நிற்கின்றன, அல்லது அப்போதுதான் மிக மெதுவாக நகரத் தொடங்குகின்றன. எஞ்சின் முழு மூச்சில் சுழலும்போது அது சுழற்றவேண்டிய பொருள் நின்றுகொண்டிருக்குமானால், இரண்டுக்கும் இடையே உள்ள தொடர்புதான் என்ன?

புதுக்கோட்டை மாவட்டத்தின் வல்லத்திராக்கோட்டைப் பகுதியினருக்கு ஹெலிகாப்டர் அன்றாடக் காட்சி அன்று. எனினும் அறியாத காட்சியும் அன்று. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்து புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்த சில நாட்களில் முதலமைச்சர் ஹெலிகாப்டரில் வந்து சேதங்களைப் பார்வையிட்டார். தெற்கே இராமநாதபுரம் மாவட்டத்தின் உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து என்னும் கடற்படை வானூர்தித் தளம் இயங்குகிறது. வடக்கே அரக்கோணத்தின் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில் கடற்படையின் ஹெலிகாப்டர் விமானிகள் பயிற்சி பெறுகிறார்கள். இத்தளங்களிலிருந்து எழும் ஹெலிகாப்டர்கள் எல்லாவற்றின் உள்ளும் இருப்பது சுழலி எஞ்சினே. சுழலி என்பது, டர்பைன் என்று வழங்கும் தகடுகள் பதித்த சக்கரம். பாயும் காற்றோ நீராவியோ நீரோ மோதும்போது சுழன்று வேலை தருவது.

ஹெலிகாப்டருக்குக் காற்று இருமுறை தேவைப்படுகிறது என்பதே இந்த அத்தியாயம் முழுவதும் தொடரப்போகும் செய்தி. மேலே சுழலும் இறகுகள் காற்றைக் கீழே தள்ளுவதால் ஊர்தி எழுகிறது. அந்த இறகுகளைச் சுழற்றும் எஞ்சினும் காற்றைத் தின்றே வாழ்கிறது. காற்று அடர்த்தியாக இருக்கும்போது இரண்டும் சேர்ந்து செழிக்கின்றன. காற்று மெலியும்போது இரண்டும் சேர்ந்தே தளர்கின்றன.

காற்றை முதலில் நெருக்குதல்

எடுத்துக்காட்டாக ஒரே எஞ்சினை எடுத்துக்கொள்வது விளக்கத்துக்கு எளிது. பெங்களூரின் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனமும், இன்று சாஃப்ரான் குழுமத்தில் உள்ள பிரான்சின் டர்போமேக்கா நிறுவனமும் இணைந்து உருவாக்கிய சக்தி என்னும் எஞ்சின், பிரான்சில் ஆர்டிடென் 1எச்1 என்ற பெயரில் அறியப்படுகிறது. 1992 ஆகஸ்ட் 20 அன்று முதன்முதலாகப் பறந்த துருவ் ஹெலிகாப்டரில், முன்பிருந்த பிரெஞ்சு எஞ்சினுக்குப் பதிலாக 2007 முதல் சக்தி பொருத்திப் பறக்கவிடப்பட்டது. பின்னர் பிரசண்ட் என்னும் இலகு ரகப் போர் ஹெலிகாப்டரிலும் அதுவே இடம்பெற்றது. துருவ் ஒவ்வொன்றிலும் இரண்டு எஞ்சின்கள் அருகருகே அமைந்துள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,000 கிலோவாட், அதாவது 1,300 குதிரைத்திறனுக்கு மேல் தரவல்லது.

இந்த அளவு ஆற்றல் தரும் எஞ்சின் ஒவ்வொரு நொடியும் சுமார் 4 கிலோகிராம் காற்றை உள்ளிழுக்கிறது. நான்கு கிலோகிராம் என்பது கேட்கச் சிறிதாகத் தோன்றினாலும், தரைமட்டக் காற்றில் அது மூன்று கன மீட்டருக்கு மேற்பட்ட கனஅளவு. இந்தக் காற்று முதலில் சென்று சேரும் இடம் அமுக்கி, அதாவது கம்ப்ரசர். சக்தி எஞ்சினில் இருப்பது இரு நிலைகள் கொண்ட மையவிலக்கு அமுக்கி: வளைந்த தகடுகள் கொண்ட வட்டு ஒன்று மிக வேகமாகச் சுழல, அதன் நடுப்பகுதியில் நுழையும் காற்று விளிம்பை நோக்கி வீசியெறியப்படுகிறது, விளிம்புக்கு வெளியே படிப்படியாக அகலும் நிலையான வழிகளில் அந்தக் காற்று வேகம் தணிய, இழந்த வேகம் அழுத்தமாக மாறுகிறது, அதே செயல் இரண்டாம் வட்டிலும் நிகழ்கிறது.

எரிப்பதற்கு முன் காற்றை இவ்வாறு நெருக்குவது ஏன் என்பது சுழலி எஞ்சினைப் பற்றிய அடிப்படைக் கேள்வி. திறந்த வெளியில் எரியும் தீ காற்றைச் சூடாக்கி விரியச் செய்கிறது. ஆனால் அந்த விரிவுக்குத் தள்ளுவதற்கு ஒன்றும் இல்லாததால் அது வேலையாக மாறாமல் கலைந்துபோகிறது. உயர் அழுத்தத்தில் உள்ள காற்றைச் சூடாக்கினால், அது வெளியழுத்தத்துக்கு இறங்கும் வழியெல்லாம் எதையேனும் தள்ளிக்கொண்டே விரியும்; இறங்கும் படி எவ்வளவு உயரமோ அவ்வளவு வேலையை அதனிடமிருந்து பெறலாம். அழுத்தத்தைப் பத்து மடங்கு அளவுக்கு உயர்த்தும் அமுக்கியிலிருந்து வெளிவரும் காற்று, தீயை இன்னும் காணாத நிலையிலேயே 300 டிகிரி செல்சியசைத் தாண்டிச் சூடேறியிருக்கும்.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலை வியப்பூட்டுவது. நொடிக்கு 4 கிலோகிராம் காற்றைப் பத்து மடங்கு அழுத்தத்துக்கு நெருக்க ஏறத்தாழ 1,300 கிலோவாட் செலவாகிறது. இறகுகளுக்குக் கிடைப்பதோ 1,000 கிலோவாட். ஆக, எஞ்சின் உண்டாக்கும் ஆற்றலில் பாதிக்கு மேற்பட்ட பங்கை அது தன் மூச்சுக்கே செலவிடுகிறது. அமுக்கியின் திறமை சற்றுக் குறைந்தாலும் எஞ்சினின் பயன் பெருமளவு சரியும் என்பதும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுழலி எஞ்சினைக் கட்ட முயன்றோர் பலர் தோற்றதற்கு அமுக்கியின் குறையே முதன்மைக் காரணம் என்பதும் இதனால் விளங்கும்.

ஒருமுறை பற்றி ஓயாத தீ

நெருக்கப்பட்ட காற்று எரியறைக்குள் செல்கிறது. வளையவடிவ உலோகக் கூடான இதற்குள் எரிபொருள் நுண்துளிகளாகத் தெளிக்கப்படுகிறது. எரிபொருள், வானூர்திச் சுழலி எண்ணெய் எனப்படும் மண்ணெண்ணெய் இனத்ததே. குடும்ப அட்டைக்கு வழங்கப்பட்ட மண்ணெண்ணெயைவிடத் தூய்மையானது, பனிமலைகளின் குளிரிலும் உறையாமல் இருக்குமாறு வடித்தெடுக்கப்படுவது. இறங்குதளத்தில் பரவும் வாடைக்குக் காரணம் இதுவே. கார் எஞ்சினில் தீ ஒவ்வொரு சுற்றுக்கும் மூட்டப்பட்டு அணைகிறது. இங்கு தொடக்கத்தில் ஒருமுறை பொறி தட்டினால் போதும், எரிபொருள் வரும்வரை தீ தானே தொடர்கிறது.

புயல்போல் பாயும் காற்றில் சுடரை அணையாமல் காப்பது எளிதன்று. அதற்காகக் காற்று இரு பங்காகப் பிரிக்கப்படுகிறது. சிறு பங்கு மட்டும் சுடரின் அடிப்பகுதியில் சுழித்து, மெதுவாக, எரிபொருளோடு கலந்து எரிகிறது. அங்கு வெப்பம் 2,000 டிகிரியை எட்டும். பெரும் பங்கு எரியறையின் சுவர்களை ஒட்டி வழிந்து அவற்றைக் குளிர்வித்து, பிறகு சிறு துளைகள் வழியே உள்ளே நுழைந்து சுடரின் வெப்பத்தைத் தணிக்கிறது. ஒரு கிலோகிராம் எரிபொருள் எரிவதற்குச் சுமார் 15 கிலோகிராம் காற்று போதும் என்றாலும், இத்தகைய எஞ்சினில் ஐம்பது கிலோகிராம் அளவில் செலுத்தப்படுவதன் காரணம் இதுதான். அடுத்து வரும் சுழலித் தகடுகள் நிக்கல் கலவைகளால் ஆனவை; அவை உருகும் நிலை 1,300 டிகிரியை ஒட்டியது; எனவே அவற்றைச் சென்றடையும் வளிமம் 1,100, 1,200 டிகிரி அளவுக்காவது தணிந்திருக்க வேண்டும். மிகையான காற்று என்று தோன்றுவது தகடுகளின் உயிர்க்காப்பு.

காற்றால் மட்டும் இணைந்த இரு சக்கரங்கள்

எரியறையிலிருந்து பீறிட்டு வரும் சூடான வளிமம் முதலில் மோதுவது அமுக்கியின் தண்டிலேயே பொருத்தப்பட்ட சுழலியை. வளிமம் இதைச் சுழற்றுகிறது, இது அமுக்கியைச் சுழற்றுகிறது, அமுக்கி மேலும் காற்றை நெருக்கித் தீக்கு ஊட்டுகிறது. அமுக்கி, எரியறை, முதல் சுழலி ஆகிய மூன்றும் சேர்ந்த இத்தொகுதியை வளிம ஆக்கி எனலாம். சூடான, அழுத்தம் மிகுந்த வளிமத்தை இடைவிடாமல் உண்டாக்குவது ஒன்றே அதன் பணி. இறகுகளோடு அதற்கு எந்த நேரடித் தொடர்பும் இல்லை.

முதல் சுழலியைக் கடந்த பின்னும் வளிமத்தில் கணிசமான அழுத்தமும் வெப்பமும் எஞ்சியிருக்கின்றன. அதன் வழியில் இரண்டாவது சுழலி ஒன்று தனித் தண்டில் காத்திருக்கிறது. தனிச்சுழலி என்று இந்நூல் குறிக்கும் இச்சக்கரத்தின் தண்டு பற்சக்கரங்கள் வழியாக மேலுள்ள இறகுகளைச் சென்றடைகிறது. முதல் சுழலிக்கும் தனிச்சுழலிக்கும் இடையே தண்டோ, பல்லோ, பட்டையோ கிடையாது. முப்பந்தலின் கணவாய்க் காற்று அங்குள்ள காற்றாலைகளைச் சுழற்றும்போது காற்றுக்கும் ஆலைக்கும் எவ்வாறு இரும்புப் பிணைப்பு எதுவும் இல்லையோ, அவ்வாறே இங்கும்; வேறுபாடு, இந்தக் காற்று எஞ்சினுக்குள்ளேயே உண்டாக்கப்படுவது என்பதுதான்.

தொடக்கத்தில் எழுந்த புதிருக்கு விடை இங்கே கிடைக்கிறது. விமானி தொடக்கப் பொத்தானை இயக்கும்போது மின்மோட்டார் ஒன்று வளிம ஆக்கியை மட்டும் சுழற்றுகிறது. அது போதிய வேகம் பெற்றதும் எரிபொருள் திறக்கப்பட்டுப் பொறி தட்டப்படுகிறது. தீ பற்றி, வளிம ஆக்கி தன் வலுவிலேயே வேகம் ஏறுகிறது. காதைத் துளைக்கும் சீழ்க்கை அமுக்கியின் ஓசை. அப்போது வெளிவரும் வளிமம் இன்னும் மெலிந்தது. அது தனிச்சுழலியையும் பற்சக்கரங்களையும் நீண்ட கனத்த இறகுகளையும் ஒருசேர அசைக்கப் போதாது. வளிமத்தின் வலு கூடக்கூடவே இறகுகள் தயங்கி நகர்ந்து, பின் வேகம் பிடிக்கின்றன. இறகுகளை நிறுத்துக்கட்டை கொண்டு சிறிது நேரம் பிடித்து வைத்திருந்தாலும் வளிம ஆக்கிக்கு ஒரு கேடும் இல்லை.

எல்லா ஹெலிகாப்டர்களும் இவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. இந்தியாவில் 1960-கள் முதல் கட்டப்பட்டு முப்படைகளிலும் கடலோரக் காவல் படையிலும் உழைத்த சேத்தக், அதன் மலைநாட்டு உறவான சீட்டா ஆகியவற்றின் ஆர்ட்டூஸ்ட் எஞ்சினில் தனிச்சுழலி இல்லை. அமுக்கியும் சுழலிகளும் ஒரே தண்டில் அமைந்தவை. அவற்றை நேரடியாக இறகுகளோடு பிணைத்தால் எஞ்சினைத் தொடங்கவே இயலாது என்பதால், இடையில் கிளட்ச் வைக்கப்பட்டது. எஞ்சின் வேகமெடுத்த பிறகே கிளட்சின் பிடிகள் சுழற்சியால் விரிந்து உராய்ந்து இறகுகளை மெல்ல இழுக்கின்றன. ஓசை முந்தி இறகு பிந்தும் காட்சி இங்கும் ஒன்றே. காரணம் மட்டும் வேறு. தனிச்சுழலி வந்ததும் இந்தக் கிளட்சும் அதன் தேய்மானமும் தேவையற்றுப் போயின. கருத்தளவில் எளிமையும் பயனளவில் பெருமையும் கொண்ட அமைப்புகளில் தனிச்சுழலிக்கு உயர்ந்த இடம் உண்டு.

சுழலிக்கு முந்திய காலம் நீண்டதன்று. 1954-இல் இந்திய விமானப்படை பெற்ற முதல் ஹெலிகாப்டரான சிக்கோர்ஸ்கி எஸ்-55, மூக்குப் பகுதியில் உந்துதண்டு எஞ்சினைச் சுமந்தது. 600 குதிரைத்திறன் அளவில் தந்த அந்த எஞ்சினின் எடை 400 கிலோகிராமுக்கு மேல். அதைப் போல் இருமடங்குக்கு மேல் ஆற்றல் தரும் சக்தி எஞ்சின் எடையில் ஏறத்தாழ அதன் பாதிதான். 1951-இல் அமெரிக்காவின் காமன் நிறுவனம் சோதனையாகச் சுழலி பொருத்தி ஒரு ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டது. 1955-இல் பிரான்சின் அலூவெட் 2 பறந்தபின், பெரிய ஹெலிகாப்டர்களில் உந்துதண்டு எஞ்சின் விரைவில் வழக்கொழிந்தது.

ஆயிரங்களிலிருந்து நூறுகளுக்கு

ஆர்ட்டூஸ்ட் எஞ்சினின் தண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 33,500 சுற்றுகள் சுழல்கிறது. சீட்டாவின் இறகுகளோ நிமிடத்துக்கு 350 சுற்றுகளை ஒட்டியே சுழல்கின்றன. இடையில் உள்ள பற்சக்கரப் பெட்டி வேகத்தை ஏறத்தாழ 95 மடங்கு குறைத்து, அதே அளவுக்குத் திருகுவலிமையைக் கூட்டுகிறது. இறகை இவ்வளவு மெதுவாகச் சுழற்றுவதன் காரணம் அதன் நீளம்: 11 மீட்டர் விட்டத்தில் நிமிடத்துக்கு 350 சுற்று என்றாலே இறகின் நுனி நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் விரைகிறது. ஊர்தி முன்னோக்கிப் பறக்கும்போது அதன் வேகமும் ஒரு பக்க இறகோடு சேர்ந்துகொள்ளும். நுனி ஒலியின் வேகத்தை நெருங்கினால் தூக்குவிசை கெட்டு அதிர்வு மிகும்.

மேலே எழ வேண்டுமானால் இறகுகள் வேகமாகச் சுழலவேண்டும் என்ற பரவலான எண்ணம் சரியன்று. பறக்கும் நேரமெல்லாம் இறகுகள் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுழல்கின்றன. விமானி தன் இடக்கைப் பிடியை உயர்த்தும்போது எல்லா இறகுகளும் ஒருசேரச் சாய்ந்து காற்றைக் கூடுதலாக வெட்டுகின்றன. கூடுதலாக வெட்டினால் எதிர்ப்பும் கூடி வேகம் தணியப் பார்க்கும். அதைக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டுக் கருவி உடனே எரிபொருளை மிகுத்து வேகத்தை நிலைநிறுத்துகிறது. சக்தி எஞ்சினில் இப்பணியைச் செய்வது கணினி.

வல்லத்திராக்கோட்டையில் ஒரு மே மாதப் பிற்பகல்

இதுவரை சொன்னவற்றை ஒரு கணக்கால் சோதித்துப் பார்க்கலாம். தன் உச்ச எடையான 5,500 கிலோகிராமோடு ஒரு துருவ், வல்லத்திராக்கோட்டையின் செம்மண் பொட்டலுக்கு மேல், 40 டிகிரி வெயிலில், நகராமல் அந்தரத்தில் நிற்பதாகக் கொள்வோம். புதுக்கோட்டைச் சமவெளி கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் அளவிலேயே உயர்ந்தது. ஆயினும் வெயிலில் விரிந்த காற்று ஒரு கன மீட்டருக்கு 1.12 கிலோகிராம் எடைதான் இருக்கும். 15 டிகிரியில் அதுவே 1.2 கிலோகிராமுக்கு மேல்.

துருவின் நான்கு இறகுகள் சுழலும் வட்டத்தின் விட்டம் 13.2 மீட்டர், பரப்பு 137 சதுர மீட்டரை ஒட்டியது. இந்த வட்டம் 5,500 கிலோகிராமைத் தாங்க வேண்டுமானால், அதனூடே காற்று நொடிக்கு ஏறத்தாழ 13 மீட்டர் வேகத்தில் கீழிறங்கியாக வேண்டும். பெருக்கிப் பார்த்தால், ஒவ்வொரு நொடியும் இரண்டு டன் காற்று மேலிருந்து எடுக்கப்பட்டுக் கீழே தள்ளப்படுகிறது. வட்டத்தைக் கடந்த பின் அந்தக் காற்று மேலும் குறுகி, வேகம் இருமடங்காகி, நொடிக்கு 26 மீட்டரை, அதாவது மணிக்கு 95 கிலோமீட்டரை எட்டுகிறது. கஜா புயல் கரையைக் கடந்தபோது அதன் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது. தாழ்வாக நிற்கும் ஹெலிகாப்டருக்குக் கீழே கூரைத் தகடுகளும் பந்தல்களும் பறப்பதில் வியப்பில்லை.

இவ்வளவு காற்றைத் தள்ள எந்த இழப்பும் இல்லாத கற்பனை இறகுக்கு 700 கிலோவாட்டுக்குச் சற்று மிகுதியாகத் தேவை. உண்மையான இறகு காற்றோடு உராய்ந்து இழப்பதையும், வால் விசிறியும் பற்சக்கரங்களும் எடுத்துக்கொள்வதையும் சேர்த்தால் தேவை ஏறத்தாழ 1,200 கிலோவாட் ஆகிறது. இரண்டு எஞ்சின்களும் சேர்ந்து 15 டிகிரியில் 2,000 கிலோவாட் தரும் என்பதால் மிச்சம் தாராளமாக இருப்பதாகத் தோன்றும். ஆனால் வெயில் எஞ்சினையும் விடுவதில்லை. உள்ளே வரும் காற்று மெலிந்திருப்பதால் ஒவ்வொரு நொடியும் கிடைக்கும் கிலோகிராம் குறைகிறது. சூடான காற்றை நெருக்குவதற்கு அமுக்கி கூடுதல் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. சுழலித் தகடுகள் தாங்கும் வெப்பத்துக்கு எல்லை உண்டாதலால் எரிபொருளைக் கூட்டி ஈடுகட்டவும் முடிவதில்லை. இத்தகைய எஞ்சின்கள் 40 டிகிரி வெயிலில் தம் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை இழப்பது இயல்பு. அப்போதும் 1,600 கிலோவாட்டுக்குக் குறையாமல் கிடைக்கும். 1,200-க்கு அது போதும்.

நெருக்கடி தோன்றுவது ஓர் எஞ்சின் நின்றுபோனால்தான். மீந்த ஒன்றால் 800 அல்லது 900 கிலோவாட் மட்டுமே தர முடியும் என்னும்போது, உச்ச எடையோடு அந்தரத்தில் நிற்க இயலாது. சில நிமிடங்களுக்கு மட்டும் அனுமதிக்கப்படும் அவசர ஆற்றல் ஓரளவு உதவும். அதைவிடப் பெரிய உதவி முன்னோக்கிய வேகத்திலிருந்து கிடைக்கிறது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பறக்கும்போது இறகுகள் ஒவ்வொரு நொடியும் புதிய காற்றைச் சந்திப்பதால், அதிகக் காற்றை மெதுவாகத் தள்ளினாலே எடை தாங்கப்படுகிறது. தேவையான ஆற்றல் அந்தரத்தில் நிற்பதற்கு வேண்டியதில் பாதியை ஒட்டிக் குறைகிறது. ஹெலிகாப்டர் தரையை விட்டு எழுந்ததும் செங்குத்தாக உயராமல் மூக்கைத் தாழ்த்தி முன்னோக்கி விரைவதன் காரணங்களுள் இது முதன்மையானது.

அதே எடை, ஐயாயிரம் மீட்டர் உயரம்

அதே துருவை அதே எடையோடு சியாச்சின் பகுதியின் 5,000 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுசென்றால் கணக்குத் தலைகீழாகிறது. அங்குக் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 0.74 கிலோகிராம் அளவே. மெலிந்த காற்றை மேலும் வேகமாகத் தள்ளவேண்டியிருப்பதால் இறகின் தேவை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடி 1,500 கிலோவாட்டை நெருங்குகிறது; அதே காற்றை உண்ணும் எஞ்சின்களின் ஆற்றலோ கடல் மட்டத்தில் இருந்ததில் ஐந்தில் மூன்று பங்காக, 1,200 கிலோவாட்டுக்குச் சுருங்குகிறது. குளிர் சற்றுக் கைகொடுத்தாலும் இடைவெளி நிரம்புவதில்லை. எடையைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. உயர்ந்த காவல் நிலைகளுக்கு மண்ணெண்ணெயும் உணவும் ஒவ்வொரு நடையிலும் சிறு சுமைகளாகவே சென்று சேர்வதன் காரணம் இந்த இரட்டை இழப்பே.

இந்த இழப்பை முன்கூட்டியே எண்ணிக் கட்டப்பட்டது சீட்டா. இமயமலைக்காக இந்தியப் படைகள் கேட்டதற்கு இணங்கப் பிரான்சில் வடிவமைக்கப்பட்டு, 1969-இல் முதன்முதலாகப் பறந்த லாமா என்னும் ஹெலிகாப்டரின் இந்தியப் பெயரே சீட்டா. அதன் எஞ்சின் இயல்பில் 870 குதிரைத்திறன் தரவல்லது என்றாலும், சமவெளியில் 550-ஐ ஒட்டிய அளவுக்கு மேல் எடுக்க அனுமதிக்கப்படுவதில்லை. பற்சக்கரப் பெட்டி தாங்குவது அவ்வளவே. உயரம் ஏற ஏற எஞ்சினின் முழுத் திறன் 870-இலிருந்து சரிந்துகொண்டே வந்தாலும், 550-ஐ அது தொடும்வரை, அதாவது ஏறக்குறைய 4,000 மீட்டர் வரை, விமானிக்கு எந்தக் குறையும் தெரிவதில்லை. அடிவாரத்தில் வீணாகக் கிடப்பதாகத் தோன்றும் முந்நூறு குதிரைத்திறன் மலைமேல் செலவிடப்படும் சேமிப்பு. 1984-இல் தொடங்கிய சியாச்சின் நடவடிக்கையில் சீட்டாக்கள் பல பத்தாண்டுகள் நிலைத்து நின்றதற்கு, அவற்றின் எளிய அமைப்போடு, இந்தச் சேமிப்பும் காரணம். இந்த ஏற்பாட்டின் அறிவுடைமை போதிய அளவு பேசப்படவில்லை.

1972 ஜூன் 21 அன்று பிரெஞ்சுச் சோதனை விமானி ழான் பூலே, தேவையற்ற பகுதிகளெல்லாம் கழற்றப்பட்ட ஒரு லாமாவை 12,442 மீட்டருக்கு ஏற்றி உலகச் சாதனை படைத்தார். உச்சியில் அவர் ஆற்றலைக் குறைத்தபோது, மெலிந்து உறைந்த காற்றில் எரியறைத் தீ அணைந்தது, மீண்டும் பற்றவில்லை. ஆயினும் அவர் பத்திரமாகத் தரையிறங்கினார். எஞ்சினுக்கும் இறகுகளுக்கும் இடையே ஒருவழிப் பிடிப்பான் ஒன்று உண்டு; எஞ்சின் இறகைச் சுழற்றலாம், ஆனால் நின்றுபோன எஞ்சின் இறகை இழுத்து நிறுத்த முடியாது. இறகுகளின் சாய்வைக் குறைத்து ஊர்தியைக் கீழிறங்க விட்டால், கீழிருந்து மேலேறும் காற்றே இறகுகளைச் சுழற்றிக்கொண்டிருக்கும். உயரம் என்னும் சேமிப்பு சுழற்சியாக மாறுகிறது. தரையை நெருங்கியதும் சாய்வைச் சட்டெனக் கூட்டினால், அந்தச் சுழற்சி தூக்குவிசையாகி வேகத்தைத் தணிக்கிறது. தன்சுழற்சி இறக்கம் எனப்படும் இக்கலையை ஹெலிகாப்டர் விமானி ஒவ்வொருவரும் பயில வேண்டும்.

செம்மண் தூசியும் கடல் உப்பும்

காற்றை உண்டு வாழும் எந்திரத்துக்குக் காற்றில் கலந்தவையும் உணவாகிவிடுகின்றன. வறண்ட செம்மண் பொட்டலில் மணிக்கு 95 கிலோமீட்டர் காற்று மோதும்போது எழும் புழுதியை நொடிக்கு எட்டு கிலோகிராம் காற்றோடு சேர்த்து இரண்டு எஞ்சின்களும் உள்ளிழுக்கின்றன. செம்மண்ணில் கலந்த மணல் துகள்கள் அமுக்கியின் தகடுகளை உளி கொண்டு செதுக்குவதுபோல் தேய்க்கின்றன. எரியறைக்குள் சென்ற நுண்தூசி உருகிக் குழம்பாகிச் சுழலித் தகடுகளில் படிகிறது, குளிர்காற்றுக்கான நுண்துளைகளை அடைக்கிறது. அமுக்கியின் திறமை சிறிது குறைந்தாலும் பயன் பெரிதும் சரியும் என்று முன்பு கண்டது இங்கே நேரடியாகப் பலிக்கிறது.

ஆதலால்தான் முக்கிய விருந்தினர் வருமுன் தற்காலிக இறங்குதளத்தில் தண்ணீர் லாரிகள் மண்ணை நனைக்கின்றன. மேடை அலங்காரத்தோடு சேர்த்து எண்ணப்படும் இந்த வேலை உண்மையில் எஞ்சினின் ஆயுளுக்கும், புழுதியில் தரை தெரியாமல் தடுமாறக்கூடிய விமானியின் பார்வைக்கும் செய்யப்படும் காப்பு. எஞ்சினின் நுழைவாயிலில் காற்றை வேகமாகச் சுழற்றிக் கனமான துகள்களை வெளிவிளிம்புக்கு எறிந்து அகற்றும் பிரிப்பான்களும் பல ஹெலிகாப்டர்களில் உண்டு. அவை காற்றின் வழியில் சிறு தடையாக அமைவதால் ஆற்றலில் ஒரு பகுதியைக் கேட்கின்றன.

கடற்கரைத் தளங்களில் எதிரி வேறு. 2022-இல் சென்னையில் கடலோரக் காவல் படை அமைத்த 840-ஆம் அணியின் துருவ்களும், மன்னார் வளைகுடாவையும் பாக் நீரிணையையும் கண்காணிக்கும் ஊர்திகளும் அலைகளுக்கு மேல் தாழப் பறக்கும்போது உப்புத்துளிகளை உள்ளிழுக்கின்றன. உப்பு அமுக்கித் தகடுகளில் படிந்து அவற்றின் வடிவத்தைக் கெடுக்கிறது. வெப்பமான பகுதியில் எரிபொருளின் கந்தகத்தோடு சேர்ந்து நிக்கல் கலவையையே அரிக்கிறது. கடல்மேல் பறந்து திரும்பிய எஞ்சினைத் தீ மூட்டாமல் மின்மோட்டாரால் மட்டும் சுழற்றி, நுழைவாயிலில் நன்னீரைத் தெளித்துக் கழுவுவது பராமரிப்பாளர்களின் வழக்கமான பணி. கழுவிய பின் சிறிது நேரம் எஞ்சினை ஓட்டி ஈரத்தை உலர்த்துகிறார்கள். குறிப்பிட்ட மணிநேரப் பறப்புக்கு ஒருமுறை மெல்லிய ஒளிக்குழாயை உள்ளே செலுத்தி, தகடுகளின் விளிம்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். விமானியும் குறித்த இடைவெளிகளில், அன்றைய வெப்பநிலைக்கும் உயரத்துக்கும் எஞ்சின் தரவேண்டிய ஆற்றலை அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். அந்த அளவை எட்டாத எஞ்சின் கழற்றப்பட்டுப் பணிமனைக்கு அனுப்பப்படுகிறது.